ஆறு வழி உண்டு; குறுக்கே போக வழி இல்லை!

சென்னை மத்திய கைலாசத்தில் தொடங்கி சிறுசேரி வரை 20 கிலோ மீட்டர். ஆறு வழிச்சாலை. 2008-ல் ராஜீவ்காந்தி சாலை என்று பெயர் வைத்தார்கள். ஜனங்கள் வாயில் இன்றைக்கும் அது பழைய மகாபலிபுரம் ரோடுதான். மாநில நெடுஞ்சாலை 49ஏ என்று கேட்டால் அங்கே டீக்கடை வைத்திருப்பவரே முழிப்பார்.

2000-ம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா வந்தது. பின்னாலேயே கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசை கட்டின. ரோடு அகலமானது. சுங்க வசூலும் வந்தது. பெருங்குடி உள்பட 4 சாவடிகளில் 2021 ஆகஸ்டில் வசூல் நின்றது. நாவலூர் சாவடிக்கு 2023 அக்டோபரில் விடிவு பிறந்தது. கார்காரர்கள் நிம்மதி அடைந்தார்கள். நல்லதுதான்.

நடந்து போகிறவர் கதை என்ன?

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளில் இருப்பவர்கள் யார்? கூவம் கரையிலும் கடற்கரைக் குப்பங்களிலும் இருந்து கொண்டு வந்து விடப்பட்டவர்கள். வீடு மாறியது, பிழைப்பு மாறவில்லை. அடையாறு, மயிலாப்பூர் பக்கம் வீட்டு வேலைக்குப் போக வேண்டும். பலர் இதே ரோட்டில் உள்ள கம்பெனிகளில் துப்புரவு வேலை, செக்யூரிட்டி வேலை பார்க்கிறார்கள். எல்லோருக்கும் பஸ்தான் கதி. 2021 மே மாதம் முதல் சாதாரண கட்டண பஸ்சில் பெண்களுக்குக் காசு இல்லை என்பது பெரிய ஆறுதல்.

ஆனால் அந்த பஸ்சைப் பிடிக்க வேண்டுமே! போகும்போது ஒரு பக்கம் ஏறினால் திரும்பும்போது எதிர்ப்பக்கம் இறங்கித்தான் ஆக வேண்டும். நடுவில் ஆறு வழி, தடுப்புச்சுவர். போதாததற்கு மெட்ரோ ரயில் தூண்கள்; தூணுக்குப் பின்னால் வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. "ஒரே ஓட்டமா ஓடணும். இல்லாட்டி நின்னுக்கிட்டே இருக்கணும்" என்பதுதான் பஸ் ஸ்டாப் பேச்சு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவர் ஏறும் பெண்களைப் பார்த்து, பொறுப்பில்லாதவர்கள் என்று காருக்குள் இருந்து திட்டுவது சுலபம்.

ராங் சைடில் வரும் மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். போலீஸ் பிடித்து அபராதம் போடட்டும், தப்பில்லை. ஆனால் எதிரே தெரியும் மளிகைக்கடைக்கு, எங்கேயோ உள்ள யு டர்ன் வரை போய்ச் சுற்றி வா என்றால் எத்தனை பேர் கேட்பார்கள்? பக்கத்து சர்வீஸ் ரோட்டிலாவது நடக்கலாம் என்றால் அங்கே வண்டிகளை நிறுத்தி அடைத்திருக்கிறார்கள். இதில் கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு, கோபித்துப் பயனில்லை.

தினமும் 20 கிலோ மீட்டரையும் அளக்கிறவர்களுக்கு மட்டும் போட்ட ரோடு அல்ல இது. இரண்டு ஸ்டாப் போய் இறங்குகிறவர்களுக்கும் இதே ரோடுதான். பெரிய பஸ் ஸ்டாப்புகளில் நடப்பவர்களுக்கென்று சிக்னல் வேண்டும். வயதானவர் கடக்கிற அளவுக்குப் பச்சை விளக்கு எரிய வேண்டும். காலையும் மாலையும் அங்கே ஒரு போலீஸ்காரர் நிற்க வேண்டும்.

மெட்ரோ ஸ்டேஷன்கள் திறக்கும்போது இன்னொன்றும் செய்யலாம். இரண்டு பக்கமும் இறங்கும் படிக்கட்டு, லிப்ட் வழியை டிக்கெட் எடுக்காதவர்களுக்கும் திறந்து விடலாம். ரயில் ஓடும் நேரத்தில் மட்டும் அல்ல. விடியற்காலை 5 மணி ஷிப்டுக்குப் போகிறவர் கடைசி ரயிலையும் பார்ப்பதில்லை, முதல் ரயிலையும் பார்ப்பதில்லை.