ஷிஹான் ஹுசைனி: மாஸ்டர் போன பிறகு அந்த இடம் யாருக்கு?

மார்ச் 25, 2025. அதிகாலையில் சென்னை தனியார் மருத்துவமனையில் ஷிஹான் ஹுசைனி காலமானார். ரத்தப் புற்றுநோய். வயது 60. காலை ஏழு மணிக்கெல்லாம் எல்லா தளங்களிலும் ஒரே தலைப்புதான்: ‘யார் இந்த ஹுசைனி?’ கீழே ஒரே பட்டியல். ஜெயலலிதாவை ரத்தத்தால் வரைந்தவர், 2015-ல் அவர் மீண்டும் முதல்வராக வேண்டும் என்று தன்னைச் சிலுவையில் அறைந்துகொண்டவர், பவன் கல்யாணுக்கு கராத்தே சொல்லிக்கொடுத்தவர். நாங்களும் அதையேதான் போட்டோம். கிளிக் வந்தது.

அந்தப் பட்டியலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் உயிர் போவதற்கு முந்தைய நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவரே பேசிய பேட்டிகளைத் திரும்பப் பாருங்கள். சிலுவையைவிட அவர் அதிகம் கவலைப்பட்டது ஒரு இடத்தைப் பற்றி. அவருடைய பயிற்சிக்கூடம். தன்னிடம் படித்த பவன் கல்யாண் அதை வாங்கி, தற்காப்புக் கலை மையமாகத் தொடர்ந்து நடத்த வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்கு ஒருவராவது வில்வித்தை கற்க வழி செய்யுங்கள் என்று விஜய்யிடம் கேட்டார். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தானம் செய்வதாகவும், இதயத்தை மட்டும் தன் கராத்தே, வில்வித்தை மாணவர்களிடம் கொடுத்துவிடும்படியும் எழுதினார். இதில் கொஞ்சம் சினிமாத்தனம் இருக்கிறது, அவர் எப்பவுமே அப்படித்தான். ஆனால் கேள்வி நிஜமானது. நான் போன பிறகு இதை யார் எடுத்து நடத்துவார்?

முதலில் ஒரு சின்ன விளக்கம். ‘ஷிஹான்’ அவர் பெயர் இல்லை. கராத்தேயில் மூத்த ஆசானுக்குத் தரும் பட்டம் அது. நாம் ‘வாத்தியார்’ என்று சொல்வது போல, ஆனால் அதற்கும் ஒரு படி மேலே. மதுரையில் பிறந்தவர். 1986-ல் கே.பாலசந்தரின் ‘புன்னகை மன்னன்’ படத்தில் நடிக்க வந்தார். 2001-ல் ‘பத்ரி’ படத்தில் விஜய்க்குக் கோச்சாக வந்தது இவர்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், ‘பத்ரி’ என்பது பவன் கல்யாண் நடித்த ‘தம்முடு’ (1999) படத்தின் ரீமேக். தெலுங்கில் அந்தப் பாத்திரத்தில் நடித்தவருக்கு நிஜத்தில் மாஸ்டர், தமிழில் அதே பாத்திரத்துக்குத் திரையில் மாஸ்டர். டிவியில் ‘அதிரடி சமையல்’ செய்ததும் இவரே.

பவன் கல்யாண் தன் இரங்கல் செய்தியில் சொன்ன ஒரு விஷயம் முக்கியமானது. முதலில் ஹுசைனி அவருக்குச் சொல்லித்தர மறுத்துவிட்டாராம். கெஞ்சித்தான் சேர வேண்டியிருந்தது. சேர்ந்த பிறகு காலை ஐந்து மணிக்குப் போனால் சாயங்காலம் வரை அங்கேயே கிடப்பாராம். ஒரு கலை கைமாறுவது இப்படித்தான். யூடியூப் பார்த்துக் குத்து விடலாம். கால் எங்கே தவறுகிறது என்று பின்னால் நின்று தட்டிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. இங்கே 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புதான் கடைசி. அதன் பிறகு பார்களில் அந்த அளவுக்குச் சிப்பி விளையவில்லை. சிப்பியையும் முத்தையும் அருங்காட்சியகத்தில் வைக்கலாம். கல்லைக் காலில் கட்டி இறங்கும்போது மூச்சை எங்கே பிடிப்பது, எப்போது கயிற்றை இழுப்பது என்பதை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது? தாத்தாவிடம் பேரன் கடலில் கற்றது அது. இன்றைக்குச் சங்கு குளிக்கப் போகிறவர்களிடம் அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். உடம்பால் கற்றதை உடம்பால்தான் கொடுக்க முடியும்.

கராத்தே இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் எப்படி இருக்கிறது? ஆறாம் வகுப்பில் நான் இரண்டு வருஷம் படித்தேன், மஞ்சள் பெல்ட்டோடு நின்றுபோச்சு. மாஸ்டர் பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு பள்ளிக்கூட மைதானத்தில் வகுப்பெடுப்பார். மழை பெய்தால் லீவு. ஃபீஸ் கொடுக்க முடியாத பிள்ளைகளிடம் கேட்க மாட்டார். அவருக்கு நெஞ்சுவலி வந்து படுத்ததும் வகுப்பு நின்றது, அவர் இறந்ததும் முடிந்தது. யார் எந்த பெல்ட் என்று எழுதி வைத்திருந்த நீள நோட்டு எங்கே போனது என்று அவர் வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை. ஃப்ளெக்ஸ் வைத்தோம், மாலை போட்டோம். ஆள் புகழ் பெற்றவரா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம். ஹுசைனிக்கும் அவருக்கும் கடைசிக் கவலை ஒன்றேதான் என்று இப்போது தோன்றுகிறது.

சரி, சான்றிதழாவது கைகொடுக்குமா? இங்கேதான் பெரிய சிக்கல். கருப்பு பெல்ட்டை அரசு தருவதில்லை, மாஸ்டர் சார்ந்திருக்கும் சங்கமோ பாணியோதான் தருகிறது. அதற்கு எங்கே மதிப்பு என்பது, அந்தச் சங்கத்தை மேலே யார் அங்கீகரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மேலே நடந்ததைப் பாருங்கள். இந்திய கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தை 2020 ஜனவரியில் இந்திய ஒலிம்பிக் சங்கம் எடுத்தது, அதே ஆண்டு ஜூனில் உலக கராத்தே சம்மேளனமும் கைவிட்டது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே முதல்முறையாக இடம்பெற்றது, பாரிஸில் எடுத்துவிட்டார்கள். ஹுசைனி வளர்க்க நினைத்த இன்னொரு விளையாட்டான வில்வித்தையும் தப்பவில்லை. நிர்வாகச் சண்டையால் உலக அமைப்பு தடை போட, 2019 ஆசிய சாம்பியன்ஷிப்பில் நம் வில்வீரர்கள் தேசியக் கொடி இல்லாமல் ஆட வேண்டியிருந்தது. பதவிக்காக அடித்துக்கொண்டது பெரியவர்கள், பேப்பரைத் தூக்கிக்கொண்டு அலைந்தது பிள்ளைகள்.

இதற்கு நடுவில் சிலம்பத்துக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அரசு வேலைக்கான 3% விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைத் தமிழக அரசு சேர்த்தது. தெருவில் கம்பு சுற்றியவர்களின் கலை ஒரு அரசாணையால் வேறு மதிப்பைப் பெற்றது. வகுப்புகளுக்கு ஆள் சேர்ந்தது. ஆக, அரசு நினைத்தால் முடியும்.

ஹுசைனி மருத்துவமனையில் இருந்தபோது தமிழக அரசு 5 லட்சம் ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் கஷ்டம் வந்த பிறகு, பெயர் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்தது அது. பெயர் தெரியாத மாஸ்டர்களுக்குக் காசுகூட அவசரம் இல்லை, இடமும் நேரமும் போதும். எங்கள் ஊர் தருவை மைதானத்தில், அரசுப் பள்ளிகளின் கூடங்களில், வாரத்துக்கு மூன்று சாயங்காலம் நிரந்தரமாக ஒதுக்கலாம். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் மாஸ்டர்கள் பெயரையும் மாணவர்கள் பெயரையும் பதிவு செய்யலாம். ஒரு மாஸ்டர் இல்லாமல் போனால் அடுத்தவர் யார் என்று அந்தப் பதிவேடே சொல்லும்.

பதிவு கட்டாயம் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு, அதை மரியாதைக்காக மறைக்கக் கூடாது. 2021-ல் சென்னையில் ஒரு கராத்தே பயிற்சியாளர் பாலியல் புகாரில் கைதானார். மாஸ்டர் சொன்னால் கேள்வி கேட்காமல் குனிந்து ‘ஒஸ்’ என்று சொல்லப் பழகிய பிள்ளை, தப்பு நடக்கும்போதும் வாய் திறக்காது. அதனால் யார் வகுப்பெடுக்கிறார், போலீஸ் சரிபார்ப்பு முடிந்ததா, பெண் பிள்ளைகள் வகுப்பில் இன்னொரு பெரியவர் இருக்கிறாரா என்பதெல்லாம் பதிவில் இருக்க வேண்டும். இது மாஸ்டர்களை அவமானப்படுத்துவது என்று சிலர் கோபப்படலாம். ஒழுங்காக நடத்துகிறவருக்குத்தான் இதனால் முதல் லாபம்.

அதே கண்ணால் பார்த்தால், ஒரு தலைவருக்காக ரத்தம் எடுப்பதும் ஆணி அடித்துக்கொள்வதும் பிள்ளைகள் எதிரே ஒரு ஆசான் செய்யக்கூடியது அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் மேல் அன்பு வைத்திருக்கும் மாணவர்கள் மன்னிக்கட்டும். காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்தவரும் அவர்தான்.

பெசன்ட் நகரில் அஞ்சலி செலுத்த வந்தவர்களில் சினிமாக்காரர்கள் இருந்தார்கள், அரசியல்வாதிகள் இருந்தார்கள். மாணவர்களும் வந்திருந்தார்கள். அடுத்த வாரம் பயிற்சி எங்கே, எத்தனை மணிக்கு என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.