தொட்டித் தண்ணியை மாத்த முதல் கிணத்தைப் பாருங்கள்

எங்கட வாசிப்பு அறையின் மூலையில் 60 லீற்றர் மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. ஐந்து பேர் முறை வைத்துப் பராமரிக்கிறோம் என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் ஐந்து பேரும் தீன் போடுவோம், தண்ணி மாத்த ஒருத்தரும் வரமாட்டோம். கப்பிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து, செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கத் தொடங்கிய பிறகுதான் சோதனைக் கிட் ஒன்று வாங்கினோம். நைத்திரேற்று லீற்றருக்கு 80 மில்லிகிராம். 20க்குக் கீழே இருந்தால் நல்லது, 40 தாண்டினால் கவனிக்கவேணும் என்பது மீன் வளர்ப்பவர்களின் பொதுக் கணக்கு.

தண்ணியோ பளிங்கு மாதிரி இருந்தது. அதுதான் எங்களை ஏமாத்தினது. நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

சாதாரண தர விஞ்ஞானத்தில் நைதரசன் வட்டத்தை அம்புக்குறி போட்டு வரைந்து 'ஏ' எடுத்த ஆக்கள் எங்களில் மூன்று பேர். அந்த வட்டம் கண்ணுக்கு முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் சுற்றுவது ஒருத்தருக்கும் விளங்கவில்லை. மீன் கழிவும் மிச்சத் தீனும் அழுகி அமோனியாவாகும். வடியில் வாழும் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாக்கி, பிறகு நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் கடும் நஞ்சு, மூன்றாவது அவ்வளவு இல்லை. ஆனால் சாதாரண தொட்டியில் வட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வெளியே போக வழியில்லாமல் நைத்திரேற்று நாளுக்கு நாள் சேரும். வெயிலுக்கு வத்தின தண்ணிக்குப் பதிலாக மேலால் ஒரு வாளி ஊத்திவிட்டு "தண்ணி மாத்தியாச்சு" என்பது இன்னும் மோசம். ஆவியாகிப் போவது தண்ணி மட்டும்தான். நைத்திரேற்று தொட்டியிலேயே கிடக்கும்.

கடைக்காரர் ஒரு போத்தலைத் தந்து, "இதை ஊத்துங்க தம்பி, எல்லாம் போயிடும்" என்றார். ஊத்தினோம். ஒன்றும் போகவில்லை, எங்கட காசைத் தவிர.

பிறகு பாதித் தண்ணியை இறைத்துவிட்டுக் கிணத்துத் தண்ணி விட்டோம். 80 பாதியாகி 40 வரவேணும். வந்தது 60 அளவில். அடுத்த கிழமை திரும்பவும் பாதி மாத்தினோம். 50க்குக் கிட்ட நின்றது. கிட் பிழை என்று முதலில் சண்டை. (உண்மையில் ஒரு பிழை விட்டுமிருந்தோம். இரண்டாவது போத்தலை நன்றாகக் குலுக்காவிட்டால் அளவைக் குறைத்துத்தான் காட்டும்.) கடைசியில் ஒருத்தி கேட்டாள், "கிணத்துத் தண்ணியைப் பாத்தமா?" பார்த்தோம். 40. அப்படியென்றால் நூறு தரம் மாத்தினாலும் தொட்டி 40க்குக் கீழே இறங்காது.

எங்கட முதல் சந்தேகம் வயலில். தம்பலகாமத்தில் வேறு எதைச் சந்தேகிக்கிறது? கந்தளாய்க் குளத்துத் தண்ணி பாயும் வெள்ளாமை. 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. ஆனால் வாசிக்க வாசிக்க விசயம் அவ்வளவு லேசில்லை என்று தெரிந்தது. தண்ணி கட்டி நிற்கும் வயல் சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லை. அங்கே வேறு வகைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை உடைத்து நைதரசன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். எங்கட தொட்டியில் நடக்காத கடைசிப் படி சேற்றில் நடக்கிறது. நைத்திரேற்று தடையில்லாமல் கீழே இறங்குவது கல்பிட்டி மணல் தோட்டங்களிலும் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலும். அங்கே பசளையும் மலசலகூடக் குழியும் சேர்ந்து கிணறுகளைக் கெடுத்த கதை பல ஆய்வுகளில் வந்திருக்கிறது.

வயலுக்குப் பசளையே போடாமல் விட்ட கதையும் எங்களுக்குத் தெரியும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள், நவம்பரில் தடையை விலக்கினார்கள். இடையில் அடிபட்டது கமக்காரர். ஒரே நாளில் முழுத் தண்ணியையும் மாத்தினால் மீன் அதிர்ச்சியிலேயே சாகும் என்பது தொட்டி வைத்திருப்பவனுக்கும் தெரியும்.

ஆகவே வயலை விட்டுவிட்டு வளவைப் பார்த்தோம். கிணத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் நடுவில் 15 மீற்றராவது இருக்கவேணும் என்பார்கள். நாங்கள் அளந்தது 9. நைத்திரேற்று அந்தக் குழியிலிருந்துதான் வந்தது என்று சத்தியம் பண்ண மாட்டோம். ஆனால் யூரியா மூட்டையைக் குற்றம் சொல்ல முதல் எங்கட குழியைப் பார்த்திருக்கவேணும்.

தொட்டிக்குச் செய்தது பெரிய வித்தை இல்லை. மாரி மழை தொடங்கியிருந்தது. முதல் மழைகள் கூரையைக் கழுவிப் போக விட்டு, அதற்குப் பிறகு பீலித் தண்ணி பிடித்தோம். மழைத்தண்ணியில் கனியுப்பு இல்லாததால் அதைத் தனியாக விடக்கூடாது, கப்பிக்கு ஒத்துவராது. கிணத்துத் தண்ணியோடு பாதிக்குப் பாதி கலந்து, கிழமைக்கு 15 லீற்றர் மாத்தினோம். குழாயால் அடிக்கல்லுக்குள் கிடந்த ஊத்தையை உறிஞ்சி எடுத்தோம். தீனை ஒரு நேரமாக்கினோம். மணி பிளான்ட் கொடியின் வேரைத் தொட்டிக்குள் தொங்கவிட்டோம், கங்குங் தண்டு நாலையும் செருகினோம். அது வளர்கிற வேகத்தைப் பார்த்தாலே நைத்திரேற்று எங்கே போகிறது என்று விளங்கும். ஆறு கிழமையில் 30க்கும் 40க்கும் நடுவில் ஒரு நிறம். 20க்கு இன்னும் வரவில்லை. மீன் கூடிப்போச்சு, கொஞ்சத்தை யாருக்காவது கொடுக்கவேணும்.

மீனை விட எங்களுக்கு உறைத்தது வேறொன்று. அந்தக் கிணத்துத் தண்ணியைத்தான் நாங்களும் குடிக்கிறோம். குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை 50. நாங்கள் 40இல் நிற்கிறோம், அதுவும் மீன்கடைக் கிட்டின் நிற அட்டையை நம்பி. பெரியாக்களின் உடம்பு ஓரளவு சமாளிக்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அந்தத் தண்ணியில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், எல்லை தாண்டின இடத்தில் இரத்தம் ஒட்சிசனைக் காவ ஏலாமல் போய் உடம்பு நீலம் பாயலாம். அதே கிணத்தில் அள்ளும் பக்கத்து வீட்டில் மூன்று மாதப் பிள்ளை இருக்கிறது. "நான் நல்லாக் கொதிக்க வச்சுத்தானே குடுக்கிறன்" என்றா அக்கா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் செறியும். அதைச் சொல்ல எங்களுக்கே வாய் கூசியது.

கிட் முடிவை வைத்து ஒருத்தரையும் பயப்படுத்தக்கூடாது என்று, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்துக்கு ஒரு போத்தல் கொடுக்க முடிவெடுத்திருக்கிறோம். அறிக்கை வந்தால் கவனித்து வாசிக்கவேணும். சிலவற்றில் 'நைத்திரேற்று நைதரசன்' என்று போட்டிருக்கும், அந்தக் கணக்கில் 50 என்பது 11.3 ஆகிவிடும். 9 என்று கண்டு சந்தோசப்படாதீர்கள், அது எங்கட 40. அதுவரைக்கும் அக்கா வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் பின்னேரம் குழாய்த்தண்ணி கலன் ஒன்று போகிறது. முறை வைத்துத்தான் காவுகிறோம், இந்த முறையை ஒருத்தரும் தப்பவிடவில்லை.