உண்பதற்காக உழுவோருக்கும் திட்டம் வேண்டும்

கொல்லிமலைச் சரிவுகளில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்தது முதலில் வீட்டுச் சாப்பாட்டுக்காக. மழையை நம்பிய சிறு நிலம், குடும்பத்தாரின் உழைப்பு, எடுத்துவைத்த சொந்த விதை, ஒரே காட்டில் கலந்து விதைத்த பல பயிர்கள் எனத் தன்னிறைவு வேளாண்மையின் இயல்புகள் எல்லாம் அங்கே இருந்தன. கடந்த சில பத்தாண்டுகளில் அந்த நிலங்களில் பெரும்பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளிக்குப் போய்விட்டது. இதை வெறும் முன்னேற்றமாகப் பார்க்க என்னால் முடியவில்லை. மரவள்ளி முதிர ஏறத்தாழ 10 மாதம் ஆகும். பிடுங்கிய கிழங்கு சில நாட்களுக்கு மேல் தாங்காது. வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுத்தாக வேண்டும். சாமையோ ஏறத்தாழ 3 மாதத்தில் வீடு வந்து சேரும், குறைந்த மழையிலும் பிழைக்கும், உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. விலை சரிந்தாலும் அடுப்பு எரியும் என்ற உறுதி அதில் இருந்தது.

ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கும்போது சாமை எதற்கு என்று கேட்கலாம். ரேஷன் அரிசி பசியைத் தடுத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாமையின் நார்ச்சத்தையும் மாட்டுக்கு வேண்டிய தட்டையையும் அது தராது. பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பணம் வேண்டாமா என்பது இன்னும் வலுவான கேள்வி. கட்டாயம் வேண்டும். மரவள்ளியை ஒழிக்கச் சொல்லவில்லை. நிலத்தில் ஒரு பங்காவது உணவுக்கு நிற்க வழி செய்யுங்கள் என்கிறேன். சாமை பின்வாங்கியதற்கு வருமானம் மட்டும் காரணமல்ல. உரலில் மணிக்கணக்கில் குத்தி, புடைத்து உமி நீக்கிய வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. அந்தப் பாடு தீராமல் பழைய உணவின் பெருமையைப் பேசுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

ஆதரவு விலை, கொள்முதல், ஏற்றுமதி எல்லாம் விற்கும் உழவரை நினைத்து வகுக்கப்பட்டவை. 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடியபோதும் பேச்சு பெரும்பாலும் சந்தையைப் பற்றியதாகவே இருந்தது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்திய நிலவுடைமைகளில் சுமார் 86 விழுக்காடு 2 ஹெக்டேருக்குக் குறைவானவை. ஆகவே இது ஒரு மலையோடு முடியும் கவலை அல்ல. உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் விதை வங்கிகளையும் ஊரார் கையில் கொடுத்து நடத்த முடியும் என்பதைக் கொல்லிமலையிலேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்து காட்டியிருக்கிறது. மலைக் கிராமங்கள் அனைத்துக்கும் அந்த இரண்டையும் அரசு தன் செலவில் கொண்டுசேர்க்க வேண்டும். அவற்றை நடத்தும் பொறுப்பைப் பெண்கள் குழுக்களிடம் ஒப்படைக்க வேண்டும்.