நந்தன் கொடுத்த தோல் எங்கே?

அமிர்தியில் நம் மாலை வகுப்புப் பிள்ளைகள் நந்தனார் கதையைக் குறும்படமாக எடுக்கப் போகிறார்கள். எழுதி வைத்திருப்பதைப் படித்துப் பார்த்தோம். நந்தன் கைகட்டி நின்று சிதம்பரம் போக வேதியரிடம் உத்தரவு கேட்கிறான். இரவோடு இரவாக நாற்பது வேலியும் விளைகிறது. வேதியர் மனம் திருந்தி அவன் காலில் விழுகிறார். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் ஜெமினி படத்தில் தண்டபாணி தேசிகரும் நந்தனாக நடித்து ஊரெங்கும் பரப்பிய கதை இதுதான்.

ஆனால் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் இந்த வேதியரே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தன் சரித்திரக் கீர்த்தனையில் கொண்டுவந்து சேர்த்த ஆள் அவர். சேக்கிழாரின் நந்தன் ஆதனூர்ப் புலைப்பாடிக்காரர். ஊர்த்தொழிலுக்கென்று விட்ட நிலத்தில் பிழைத்தவர். கோயில் முரசுக்குப் போர்த்தும் தோல், இழுத்துக் கட்டும் வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை எல்லாம் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் உள்ளே போய் முழங்கியது, அவர் வெளியே நின்றார். தில்லை எல்லையில் அவரைத் தடுக்க எந்தப் பண்ணையாரும் வரவில்லை, தன் பிறப்பை நினைத்துத் தானே நின்றுவிடுகிறார். சாதி வேலை செய்யும் விதம் அதுதானே? பண்ணையடிமைத்தனத்தைப் பாரதி கண்முன் நிறுத்தினார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வேதியர் திருந்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது போல ஆகிவிட்டது.

சேக்கிழாரும் சும்மா விடவில்லை. தீயில் இறக்கி, பூணூலோடு முனிவராக்கித்தான் உள்ளே அனுப்புகிறார். (அயோத்திதாசர் நந்தனை அரசனாகவே எழுதியது தனிக்கதை.)

நமக்கு வேண்டியது அந்தத் தோல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவர்கள் யார் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூக்கத்திலேயே 10 தொழிலாளர்கள் செத்தார்கள். ஷூ மட்டும் கப்பலேறிப் போய்க்கொண்டிருக்கிறது. இந்த மண்ணில் நந்தனை எடுத்துவிட்டுத் தோலைக் காட்டாமல் விட்டால் எப்படி?

வேதியரை நீக்கிவிட்டு, உப்பு போட்ட தோலை உதறும் கைகளிலிருந்து படத்தைத் தொடங்கச் சொல்லியிருக்கிறோம். தீ வேண்டுமா என்று அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். வேதியராக நடிக்க இருந்த பையனுக்குத்தான் எங்கள்மேல் கோபம். வசனம் முழுக்க மனப்பாடம் செய்துவிட்டானாம்.