கொடுங்கையூர் எரிஉலை: சாம்பலை எங்கே கொட்டுவார்கள்?

கொடுங்கையூரில் தினமும் 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் மாநகராட்சி திட்டத்தை எதிர்த்து, வடசென்னை மக்கள் 2025 மே 25-ல் மனித சங்கிலியாக கைகோர்த்து நின்றார்கள். புகைக்கு பயந்துதான் இந்த எதிர்ப்பு என்று நினைத்தால் அது பாதி கதைதான். மீதி கதை சாம்பல்.

எரித்தால் குப்பை மாயமாகி விடாது. எடையில் சுமார் 5-ல் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். புகைபோக்கி வடிகட்டியில் பிடிபடும் சாம்பலில் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கும். அனல்மின் நிலைய சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்தால் என்ன ஆகும் என்பது எண்ணூர் மீனவர்களுக்கு நல்லாவே தெரியும்.

இதுபோன்ற பெரிய ஆலைக்கு முதலில் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அப்புறம் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. சாம்பல் எங்கே போகும், யார் பொறுப்பு என்பதை எல்லாம் இந்த காகிதங்களில் உள்ள நிபந்தனைகளில்தான் பார்க்கணும்.

சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து 30 நாளுக்குள் பசுமை தீர்ப்பாயத்துக்கு போகணும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். அதற்கு மேல் கதவு மூடிடும். தென்மண்டல தீர்ப்பாயம் இருப்பது நம்ம சேப்பாக்கம் கலச மகாலில்தான்.

ரோட்டில் நின்றால் மட்டும் போதாது. காலண்டரிலும் ஒரு கண் இருக்கணும்!