சாக்கடை வரவில்லை என்று புகார்

"பக்கத்து டவுன் சாக்கடை எங்கள் ஏரியில் விழுகிறது. கல்கத்தாவில் அந்தத் தண்ணீரிலேயே மீன் வளர்க்கிறார்களாமே, அது எப்படி வந்தது? நாங்களும் செய்யலாமா?" என்று ஈரோடு மாவட்ட விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்.

வளர்ப்பது உண்மைதான். சணல் ஆலைகளும் தோல் ஆலைகளும் பெருகிய அந்த நகரத்தின் கிழக்கு ஓரத்தில் சுமார் 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம் இருக்கிறது. கல்கத்தாவின் தரை ஹூக்ளி ஆற்றுப் பக்கம் சரியவில்லை, கிழக்கே சரிகிறது. அதனால் 19ஆம் நூற்றாண்டில் பாதாளச் சாக்கடை போட்ட வெள்ளைக்காரர்கள் கழிவு நீர் வாய்க்காலைக் கிழக்கே வெட்டினார்கள். குப்பையையும் அந்தப் பக்கமே, தாப்பா என்ற இடத்தில் கொட்டினார்கள். மக்கிய குப்பை மேட்டில் குத்தகைக்காரர்கள் காய்கறி போட்டார்கள். காலிஃபிளவர், மக்காச்சோளம், கீரை என்று அந்த வெள்ளாமை பல தலைமுறையாக நகரச் சந்தைக்குப் போகிறது.

மீன் பிறகு வந்தது. முன்பு அங்கே இருந்தவை உப்பு ஏரிகள். வித்யாதரி ஆற்றின் வழியே கடல் நீர் ஏறி வரும், உவர்நீர் மீன் கிடைக்கும். ஆறு தூர்ந்து 1920களில் செத்துப்போனது. பிழைப்புக்கு வழியில்லாத மீன்காரர்கள் வாய்க்காலில் ஓடிய சாக்கடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்தில் விட்டுப் பார்த்தார்கள். எந்த இன்ஜினியரும் சொல்லித் தரவில்லை.

முறை இதுதான். குளிர்காலத்தில் குளத்தை வடித்து, தரையைக் காயவிட்டு, சுண்ணாம்பு போடுகிறார்கள். பிறகு கழிவு நீரை விட்டு இரண்டு மூன்று வாரம் தொடாமல் வைக்கிறார்கள். குளம் ஆழமில்லை, இடுப்பளவு, மிஞ்சினால் மார்பளவு. வெயில் அடிவரை இறங்கி, பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகும். பாசி விடும் பிராணவாயுவில் நாற்றம் போகும், கிருமியும் குறையும். முதலில் கொஞ்சம் குஞ்சு விட்டு, அவை பிழைத்தால்தான் ரோகு, கட்லா, மிர்கால் குஞ்சுகளை முழு அளவில் விடுவார்கள். அதன் பிறகு சாக்கடைதான் தீனி, அதுவும் அளவாக. கரையோரம் கட்டிவைக்கும் ஆகாயத்தாமரை அலையிலிருந்து கரையைக் காக்கும், உலோகத்தையும் ஓரளவு உறிஞ்சும். இங்கே அதை ஒழிக்க எவ்வளவு பாடுபடுகிறோம்! குளத்தில் இருந்து வெளியேறும் நீர் கீழே நெல்லுக்குப் பாய்கிறது.

இதை நம்பி வலை இழுப்பவர்கள், கரை கட்டுபவர்கள், அலுமினியக் குடத்தில் மீன்குஞ்சு சுமப்பவர்கள் என்று தனித்தனித் தொழிலே உண்டு. குஞ்சு மூச்சுத் திணறாமல் இருக்க வழி நெடுக நீரைக் கையால் தட்டிக்கொண்டே போவார்கள்.

அரசு இன்ஜினியர் துருபஜோதி கோஷ் 1980களில் நகரக் கழிவு நீர் என்னவாகிறது என்று தேடிப்போய்த்தான் இந்த வேலையின் மதிப்பு வெளியே தெரிந்தது. அதற்குள் 1960களிலேயே வடக்குப் பக்க ஏரியை ஹூக்ளி வண்டலால் நிரப்பி சால்ட் லேக் நகரம் கட்டிவிட்டார்கள். மிச்சத்தை நிரப்ப 1992இல் கல்கத்தா ஹைகோர்ட் தடை போட்டது. 2002இல் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. ஆனாலும் மனைக்காரர்களின் கண் அதன் மேல்தான்.

இனி ஈரோட்டுக் கேள்வி. வீட்டுக் கழிவு பாசிக்கு உணவு. சாயப்பட்டறை உப்பும் தோல் ஆலை குரோமியமும் உணவல்ல. அவை மக்காமல் மண்ணிலும் மீனிலும் தங்கும். கல்கத்தாவிலும் பெரிய பயம் அதுதான். தோல் ஆலைகள் இடம் மாற வேண்டும் என்று 1996இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. எனவே உங்கள் ஏரியில் ஆலைக் கழிவு கலக்கிறது என்றால் இந்த யோசனையே வேண்டாம். வீட்டுக் கழிவு மட்டும்தான் என்று நினைத்தாலும் தண்ணீரையும் சேற்றையும் ஆய்வகத்தில் உலோகப் பரிசோதனை செய்து, மீன்வளத்துறையைக் கேட்காமல் ஒரு குஞ்சும் விடாதீர்கள்.

கல்கத்தா மீன்காரர்களின் இன்றைய புகாரைக் கேட்டால் சிரிப்பு வரும். வாய்க்கால் தூர்ந்துவிட்டது, வேண்டிய அளவு சாக்கடை வருவதில்லை என்கிறார்கள். கழிவு குறைந்தால் பாசி குறையும், பாசி குறைந்தால் தீனியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.