சுற்றிப் போனால் சீக்கிரம்

சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிலோமீட்டர், ஆறு மணி நேரம் என்று கணக்குப் போட்டே பழகிவிட்டோம். தூரம் கூடினால் நேரமும் கூடும், இதிலே என்ன சந்தேகம்? ஆகாயத்தில் இந்தக் கணக்கு செல்லாது சார்!

டெல்லியிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு 2015 டிசம்பரில் ஏர் இந்தியா நேரடி விமானம் விட ஆரம்பித்தது. மேற்கே கிளம்பி, ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாகப் போகும். சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபர் 16-ம் தேதி அதே விமானத்தைக் கிழக்கே திருப்பி, பசிபிக் வழியாக விட்டார்கள். 15,300 கிலோமீட்டர்! ஏறக்குறைய சென்னை-மும்பை தூரம் கூடுதல். ஆனால் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட சுமார் இரண்டு மணி நேரம் மிச்சம்.

"பூமி சுத்துதே, அதனாலதான்" என்பார் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நம்பாதீர்கள். பூமி கிழக்குப் பார்த்துச் சுற்றுகிறது. அவர் சொல்கிறபடி பார்த்தால் மேற்கே போகிறவனுக்கல்லவா லாபம்? தவிர, காற்றும் பூமியோடு சேர்ந்தேதான் சுற்றுகிறது.

நிஜக் காரணம் ஜெட் ஸ்ட்ரீம். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் காற்றாறு. சில சமயம் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைக்கூடத் தாண்டும். கிழக்கே போகிறவரை முதுகில் கை வைத்துத் தள்ளும். மேற்கே போகிறவரை மார்பில் கை வைத்து மறிக்கும். 1920-களில் பலூன் பலூனாக விட்டு இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் வாசாபுரோ ஓயிஷி. உலகத்துக்கே புரியட்டும் என்று அறிக்கையை எஸ்பெராண்டோ என்கிற செயற்கை மொழியில் எழுதினார், பாவம். உலகத்தில் யாரும் படிக்கவில்லை! 1944-ல் ஜப்பான் மேல் குண்டு போட வந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் மாட்டித் திணறியபோதுதான் விஷயம் உறைத்தது.

அந்த 2016 விமானத்தில் இன்னொரு வேடிக்கை. ஞாயிறு விடியற்காலை கிளம்பி, நடுக்கடலில் தேதிக்கோட்டைத் தாண்டிச் சனிக்கிழமைக்குள் போய், மறுபடி ஞாயிறு காலை இறங்கியது. கொஞ்ச நேரம் சனி பிடித்து விலகிவிட்டது!

காற்று மட்டுமா? அரசியலும் நேரத்தை நீட்டும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே போகிறவர்கள் சுற்றிப்போக வேண்டியதாயிற்று. இந்தச் சுற்றில் மிச்சம் ஒன்றும் கிடையாது, செலவுதான்.

மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 4 மணிக்கு ஏறி 6 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், "ரெண்டு மணி நேரம்தானே" என்று மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். நடுவில் பதினாலரை மணி நேரம் இருக்கிறது. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் டிக்கெட்டையே டாக்டரிடம் காட்டி, எந்த வேளைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் பெட்டியில் போகட்டும்.